பாசி வளர்ந்த பிறகும் தண்ணீர் வடிய வேண்டும்

மீன்தொட்டிக்குப் பாசி ஸ்க்ரப்பர் (தொட்டித் தண்ணீரை ஏற்றி, பாசியால் சுத்தம் செய்து திருப்பி இறக்கும் பெட்டி) வைத்து அது ஐந்தாவது வாரம். வடிகால் வாயில் நான் செருகி வைத்திருந்த ஸ்பாஞ்சுத் துண்டு அடைத்துக்கொண்டதால், இரவு முழுக்கப் பெட்டியின் விளிம்பு வழியாகத் தண்ணீர் வழிந்து தரைக்கு வந்திருக்கிறது. காலையில் எழுந்து பார்த்தபோது தொட்டியின் நீர்மட்டம் 7 சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. என் தொட்டி 120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம். அதில் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் 5 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். ஆக, 35 லிட்டருக்கும் அதிகமான தண்ணீர் தரையில் நின்றது. பம்ப் அப்போது தொட்டியின் அடியில் கிடந்தது. வீட்டில் ஆள் இல்லாத நாளாக இருந்திருந்தால், உறிஞ்சும் வாய்க்குத் தண்ணீர் எட்டும் வரை அது ஏற்றிக்கொண்டே இருந்திருக்கும். நான்கு தங்கமீன்களுக்கும் நிற்கத் தண்ணீர் இருந்திருக்காது. அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

ஸ்க்ரப்பரைப் பற்றித் தேடுகிறவர்களுக்கு விளக்கு எத்தனை வாட், திரை எவ்வளவு அகலம் என்பதெல்லாம் எளிதாகக் கிடைத்துவிடும். பெட்டியை எதன் மேல் நிறுத்துவது, தண்ணீரை எப்படித் திரும்ப இறக்குவது என்பதைத்தான் நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். அதனால் அந்த இரண்டையும் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் இது என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சொரசொரப்பான ஒரு திரை. அதன் மேல் தொட்டித் தண்ணீர் மெல்லிய படலமாக இடைவிடாமல் வழிகிறது. இரண்டு பக்கமும் பலமான வெளிச்சம். அங்கே பாசி தாராளமாக வளரும். வளரும்போது தண்ணீரில் இருக்கும் அம்மோனியா, நைட்ரேட், பாஸ்பேட்டை எல்லாம் தன் உடம்பில் ஏற்றிக்கொள்ளும். வாரம் ஒருமுறை அந்தப் பாசியைச் சுரண்டி எடுத்துவிட்டால், அதற்குள் போனதெல்லாம் தொட்டியை விட்டே போய்விடுகிறது. பவளப்பாறைகளின் மேல் குட்டைப் புல்வெளி மாதிரி படர்ந்திருக்கும் பாசியைக் கவனித்து, ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் வால்டர் ஏடி உருவாக்கிய முறை இது. 1982-இல் அவருக்கு இதற்குக் காப்புரிமை கிடைத்தது. அவருடைய அமைப்பில் ஒரு வாளி நிரம்பிக் கவிழ்ந்து அலைபோலத் தண்ணீரைக் கொட்டும். இன்று வீடுகளில் பெரும்பாலும் இருப்பது, பிளவு போட்ட பைப்பிலிருந்து திரை மேல் தண்ணீர் அருவியாக இறங்கும் எளிய வடிவம். நான் செய்ததும் அதுதான்.

தங்கமீன்கள் நிறையச் சாப்பிட்டு நிறையக் கழிக்கும். வாரம் 40 சதவீதம் தண்ணீர் மாற்றியும் என் சோதனைக் குழாயில் நைட்ரேட் 80 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 80 பங்கு) காட்டும் அடர்சிவப்பிலிருந்து இறங்கவில்லை. செடி வைத்தால் பிடுங்கித் தின்றுவிடும். பாசியையும் தின்னும். ஆகவே அவை எட்டாத ஒரு பெட்டியில் பாசியை வளர்ப்பதுதான் வழி என்று முடிவு செய்தேன்.

திரைக்கு, தையல் வேலைக்கு விற்கும் பிளாஸ்டிக் கேன்வாஸ் வலை. ரம்பத்தின் பல்லால் இரண்டு பக்கமும் அழுத்திக் கீறி, தொட்டால் விரல் சிராய்க்கும் அளவுக்குச் சொரசொரப்பாக்கினேன். இதில் சோம்பல் வேண்டாம். வழவழப்பான திரையில் பாசி பிடிக்கும், ஆனால் ஒரு விரற்கடை வளர்ந்ததும் பாளமாகக் கழன்று கீழே விழும். விழுந்தது நேராக வடிகாலுக்குத்தான் போகும்.

அளவை நாம் போடும் தீவனத்தை வைத்துத் தீர்மானிக்க வேண்டும், தொட்டியின் லிட்டரை வைத்து அல்ல. உறைய வைத்த உணவுக் கட்டி ஒன்று தினமும் போட்டால், இருபுறமும் வெளிச்சம் படும் திரையில் ஏறத்தாழ 77 சதுர செ.மீ. வேண்டும் என்பது இந்தப் பொழுதுபோக்கில் பரவலாகப் பின்பற்றும் கணக்கு. என் திரை 20 செ.மீ. அகலம், 15 செ.மீ. உயரம். நான்கு கட்டிக்குக் கொஞ்சம் குறைவாகத் தாங்கும். தண்ணீர் அளவுக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு: திரை அகலத்தில் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் மணிக்குச் சுமார் 50 லிட்டர். எனக்கு 1000 லிட்டர் தேவை. பம்ப் அட்டையில் 2000 லிட்டர் என்று போட்டிருந்தது. ஆனால் அட்டையில் உள்ள எண் தண்ணீரை உயர்த்தாமல் அளந்தது. பெட்டி உயரத்துக்கு ஏற்றி, இரண்டு எல்போவை (பைப் வளைவு இணைப்பு) கடந்த பிறகு 10 லிட்டர் வாளி நிரம்ப 34 வினாடி ஆனது. மணிக்கு 1050 லிட்டருக்குச் சற்று மேல். வாளியும் கடிகாரமும் வைத்து நீங்களே அளந்து பாருங்கள். இந்த எண் தெரியாமல் வடிகாலின் அளவை யாராலும் சொல்ல முடியாது.

சரி, பெட்டியை எங்கே நிறுத்துவது? என் தொட்டிக்குக் கீழே சம்ப், அதாவது வடிகட்டலுக்கான துணைத்தொட்டி, கிடையாது. ஆகவே ஸ்க்ரப்பர் தொட்டிக்கு மேலே இருந்தாக வேண்டும். முதல் யோசனை, அக்ரிலிக் பெட்டியில் கொக்கி வைத்துத் தொட்டியின் பின்கண்ணாடி விளிம்பில் மாட்டுவது. ஒரு வாரம் அப்படித்தான் இருந்தது. காலியாகத் தூக்கிப் பார்த்தபோது லேசாகத்தான் இருந்தது. விளக்கையும் சேர்த்து 3 கிலோ. ஆனால் உள்ளளவு 26 செ.மீ. நீளம், 12 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரம் உள்ள பெட்டி அது. வடிகால் அடைத்து விளிம்பு வரை நிரம்பினால் 8 லிட்டருக்கு ஒட்டி வரும், அதாவது இன்னும் 8 கிலோ. மொத்தம் 11 கிலோ, ஒரே கண்ணாடியின் விளிம்பில், அதுவும் வெளிப்பக்கமாகத் தொங்கி இழுக்கும் பளு. உள்ளே இருக்கும் 240 லிட்டர் ஏற்கெனவே அந்தக் கண்ணாடியை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. அதைப் பிடித்திருப்பது சிலிக்கான் ஒட்டு மட்டும்தான். கணக்குப் போட்ட அன்றே இறக்கிவிட்டேன்.

இப்போது தொட்டிக்குப் பின்னால் தரையிலிருந்து எழும்பும் அலுமினிய ஆங்கிள் சட்டத்தின் மேல் பெட்டி உட்கார்ந்திருக்கிறது. தொட்டியைத் தொடவே தொடாது. பெட்டியின் தரை தொட்டி விளிம்பைவிட 10 செ.மீ. மேலே. சட்டத்தின் தலைப்பகுதி மட்டும் இரண்டு திருகால் சுவரோடு பிடிக்கப்பட்டிருக்கிறது. அது சாயாமல் இருக்கத்தான், பளு தாங்க அல்ல. சுவரில் அலமாரி அடித்து வைக்கிறவர்கள் நிரம்பிய பெட்டியின் எடையைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரப்பர் ஓடும்போது பெட்டியில் அரை லிட்டர்தான் இருக்கும். ஆனால் பழுதாகும் நாளில்தான் அது கனக்கும்.

நிறுத்தும்போது ரசமட்டம் கட்டாயம் வேண்டும், ஆனால் பெட்டிக்கு அல்ல, பிளவு போட்ட பைப்புக்கு. பைப் ஒரு பக்கம் 2 மில்லிமீட்டர் சாய்ந்தாலும் தண்ணீர் அந்தப் பக்கமே ஓடி, மறுமுனையில் திரை காய்ந்துவிடும். அங்கே பாசி மஞ்சளாகி உதிரும். பிளவின் அகலம் 3 மி.மீ. திரையின் மேல்விளிம்பு அதற்குள் நுழைந்து நிற்கும். பெட்டியின் தரைக்கோ இதற்கு நேர்மாறாக வாட்டம் வேண்டும். மொட்டை மாடிக்கு வாட்டம் கொடுப்பதுபோல, வடிகால் உள்ள பக்கம் கொஞ்சம் தாழ்வாக. நான் பெட்டியின் ஒரு முனைக்குக் கீழே மெல்லிய ரப்பர் துண்டு வைத்தேன். தேங்கி நிற்கும் தண்ணீரில் உதிர்ந்த பாசி அழுகி, வாடை வரும். வாட்டம் இருந்தால் அது தானாகவே கழுவிக்கொண்டு போகும்.

இனி வடிகால்.

முதலில் நான் வைத்தது 20 மி.மீ. உள்விட்டம் உள்ள பைப். ஏற்றும் ஹோஸும் அதே அளவு என்பதால், ஏறுகிற தண்ணீர் இறங்கிவிடும் என்று நினைத்தேன். அது தப்பு. ஏறும்போது பம்ப் தள்ளுகிறது. இறங்கும்போது தள்ளுவதற்கு, ஓட்டைக்கு மேலே நிற்கும் தண்ணீரின் உயரம் மட்டும்தான் இருக்கிறது. பம்பை ஓடவிட்டதும் பெட்டியில் தண்ணீர் ஏறி ஏறி, 10 செ.மீ. வந்த பிறகுதான் வரவும் செலவும் சமமாகி நின்றது. திரையின் கீழ்ப்பாதி முங்கிவிட்டது. முங்கிய இடத்தில் மெல்லிய படலமும் இல்லை, துள்ளலும் இல்லை. பாசி அங்கே சரியாக வளரவே இல்லை.

பெட்டியை இன்னும் ஆழமாக்கலாமா என்று யோசித்தேன். பலன் குறைவு. ஓட்டைக்கு மேல் நிற்கும் தண்ணீரின் உயரத்தை இரண்டு மடங்காக்கினால் வெளியேறும் அளவு 1.4 மடங்குதான் கூடும். ஓட்டையின் விட்டத்தை இரண்டு மடங்காக்கினால் பரப்பு நான்கு மடங்காகிறது. ஆகவே துளையைத்தான் பெரிதாக்க வேண்டும். 32 மி.மீ. உள்விட்டம் உள்ள பைப்புக்கு மாறியதும், அதே பம்புக்குப் பெட்டியில் 2 செ.மீ. தண்ணீர்தான் நின்றது.

ஆனால் அந்த மாற்றத்தைச் செய்தது வெள்ளத்துக்குப் பிறகு. அதற்கு முன்பே ஸ்பாஞ்சு வந்துவிட்டது. நன்னீரில் வளரும் பாசி கடல்நீர்ப் பாசி போலக் குட்டையாகவும் கெட்டியாகவும் இருக்காது. நீளநீளமாக, கொழகொழவென்று முடிபோல வளரும். மூன்றாவது வாரமே இழைகள் அறுந்து தொட்டிக்குள் வர ஆரம்பித்தன. அவற்றைத் தடுக்கலாம் என்று வடிகால் வாயில் ஸ்பாஞ்சு வைத்தேன். இரண்டு வாரம் நன்றாகத்தான் இருந்தது. அந்தக் காலையில் அதைப் பிடுங்கி எடுத்தபோது ஸ்பாஞ்சாகவே தெரியவில்லை. ஒரு பச்சைக் களிமண் உருண்டை மாதிரி இருந்தது. பிழிந்தால் விரலிடுக்கில் பாசி வந்ததே தவிர, தண்ணீர் வரவில்லை. அறுந்த இழைகள் அதில் சிக்கியது மட்டும் இல்லை, விளக்கு வெளிச்சம் படும் இடத்தில் இருந்ததால் பாசி அதிலேயே வேர்விட்டதுபோல வளர்ந்திருந்தது.

வடிகால் வாயில் ஸ்பாஞ்சு, நுண்வலை எதுவும் வேண்டாம். இழைகள் தொட்டிக்கு வந்தால் வரட்டும். என் தங்கமீன்கள் அவற்றைக் காத்திருந்து தின்கின்றன. தொட்டிக்குள் வரவே கூடாது என்றால், அவை வந்து விழும் இடத்தில், தொட்டிக்குள்ளேயே ஒரு வலைப்பையைக் கட்டுங்கள். அது அடைத்தாலும் தண்ணீர் தொட்டிக்குள்தான் வழியும்.

அந்த வெள்ளத்தன்று பைப்பைக் கழற்றிப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. வெள்ளை பி.வி.சி. பைப்பின் உள்சுவரில், வாயிலிருந்து ஏறத்தாழ ஒரு சாண் நீளத்துக்குப் பச்சைப் படிவு. வெள்ளை பைப் கொஞ்சம் வெளிச்சத்தை உள்ளே விடுகிறது என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. நான் வைத்திருந்தது 660 நானோமீட்டர் சிவப்பு எல்.ஈ.டி., பாசி ஆசையாக உறிஞ்சும் வெளிச்சம். அது திரையில் மட்டும் விழவில்லை. பெட்டியின் தரை, வடிகால் வாய், மேலே பிளவு, எல்லா இடத்திலும் விழுந்தது. பாசிக்குத் திரை எது, பைப் எது என்று தெரியாது. வெளிச்சமும் ஓடும் தண்ணீரும் உள்ள இடமெல்லாம் அதற்கு ஒன்றுதான்.

அதனால் திரை நிற்கும் இடத்துக்குக் கீழே பெட்டியின் வெளிப்புறம் முழுவதும் கறுப்பு வண்ணம் பூசினேன். உட்புறம் பூசவில்லை, அது தண்ணீரில் கலக்கும். வடிகால் பைப்பைச் சுற்றிக் கறுப்பு டேப். பிளவு பைப்பின் இரு பக்கமும் சிறிய கறுப்பு பிளாஸ்டிக் தகடு, தொப்பி விளிம்பு மாதிரி. தரையின் மேலே, வடிகால் வாய்க்கு நேராகவும் ஒரு கறுப்பு அக்ரிலிக் துண்டு, குட்டிக் கூரைபோல நான்கு கால்களில். தண்ணீர் நாலாபக்கமும் நுழையலாம், வெளிச்சம் நுழைய முடியாது. பெரிய பைப்பைவிட இதுதான் அதிகம் உதவியது. ஒரு வருடம் கழித்துக் கழற்றிப் பார்த்தேன். பைப்பின் உள்ளே லேசான பழுப்புப் பிசுக்கு மட்டும்தான்.

துளை போட்டு பைப் பொருத்துவதில் பெரிய வித்தை இல்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் போடும் டேங்க் நிப்பிள்தான். ரப்பர் வாஷர் தண்ணீர் இருக்கும் உள்பக்கம் வர வேண்டும். நட்டைக் கையால் இறுக்கி, அப்புறம் கால் சுற்று. அதற்கு மேல் முறுக்கினால் அக்ரிலிக்கில் விரிசல் விழும். அதற்கடுத்த இணைப்பை ஒட்டாமல் யூனியன் வைத்தேன், கழுவக் கழற்ற வேண்டும் என்பதால். வளைவுகளில் 90 டிகிரி எல்போ ஒன்றுக்குப் பதில் 45 டிகிரி இரண்டு. இழைகள் அங்கே சிக்குவது குறைகிறது.

சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரிய பைப்பில் தண்ணீர் முழுதாக நிறைந்து ஓடாது. காற்றும் கூடவே இறங்கும். எனக்கு முதலில் பாட்டிலைக் கவிழ்த்ததுபோல 'களக் களக்' என்று சத்தம் வந்தது. பைப்பின் முனையைத் தொட்டித் தண்ணீரில் ஆழமாக, ஒரு சாண் அளவுக்கு முக்கி வைத்திருந்தேன். உள்ளே போன காற்று அந்த ஆழத்தைத் தள்ளி வெளியே வர முடியாமல் பைப்பிலேயே மாட்டிக்கொண்டது. தண்ணீர் தேங்கித் தேங்கி ஒரேயடியாக இறங்கியது. பெட்டியின் மட்டமும் மூச்சு விடுவதுபோல ஏறி இறங்கியது. முனையை வெட்டி 1 செ.மீ. மட்டும் முங்கும்படி வைத்து, மேலே வளைவின் உச்சியில் சிறிய காற்றுத்துளை ஒன்று போட்டதும் சத்தம் அடங்கிவிட்டது. ஹோஸ் போடுகிறவர்கள் அது நடுவில் தொய்ந்து தொட்டில்போல் தொங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தொய்வில் தண்ணீர் நின்று காற்றை அடைக்கும்.

அவசர வடிகால் இல்லாமல் தயவுசெய்து யாரும் ஸ்க்ரப்பர் வைக்காதீர்கள். பெட்டியின் தரையிலிருந்து 8 செ.மீ. உயரத்தில் பக்கச் சுவரில் இரண்டாவது துளை, அதே 32 மி.மீ. சாதாரண நாளில் அதில் ஒரு சொட்டுக்கூட வராது. அதன் முனையைத் தொட்டித் தண்ணீரில் முக்காமல், மட்டத்துக்கு ஒரு சாண் மேலேயே வேண்டுமென்றே நிறுத்தியிருக்கிறேன். அது வேலை செய்தால் தண்ணீர் உயரத்திலிருந்து கொட்டும், சத்தம் கேட்கும். பொருத்தி முடித்ததும் முக்கிய வடிகாலை உள்ளங்கையால் முழுதாக மூடி, பம்பை முழு வேகத்தில் ஓடவிட்டுப் பத்து நிமிடம் பார்த்தேன். அவசர வடிகால் மட்டுமே எல்லாத் தண்ணீரையும் இறக்கியது. விளிம்புக்கு இன்னும் நான்கு விரல் இடம் இருந்தது. இந்தச் சோதனையைச் செய்யாமல் ஓர் இரவுகூட ஸ்க்ரப்பரை ஓடவிடக் கூடாது என்பது என் கருத்து.

பம்பையும் அடியிலிருந்து எடுத்து, உறிஞ்சும் வாய் நீர்மட்டத்துக்கு 6 செ.மீ. கீழே இருக்கும்படி தொங்கவிட்டேன். எல்லாம் ஒரே நேரத்தில் பழுதானாலும் வெளியே போகக்கூடியது 30 லிட்டர் சொச்சம்தான். பம்ப் காற்றை இழுத்துக் கெட்டுப்போகலாம், மீன் பிழைக்கும். ஆவியாகும் தண்ணீரை மறக்காமல் நிரப்ப வேண்டும் என்பது இதனால் கூடிய ஒரு வேலை. விளக்கு வயர், பம்ப் வயர் இரண்டும் பிளக்குக்குக் கீழே வளைந்து தொங்கி, பிறகு மேலேறும்படி இருக்கட்டும். வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குப் போகாது. ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனம்) இல்லாத இணைப்பில் இதை மாட்டாதீர்கள்.

பராமரிப்பு எளிது. முதல் இரண்டு வாரம் பழுப்புச் சளிபோல ஏதோ படியும். பயப்பட வேண்டாம், அப்புறம் பச்சை வரும். அதுவரை விளக்கு 6 மணி நேரம், பிறகு மெதுவாக 10 மணி நேரம். நான் டைமர் வைத்து இரவில் எரியவிடுகிறேன். வாரம் ஒருமுறை பம்பை நிறுத்தி, திரையை உருவி, தொட்டியில் வைத்தே சுரண்டாமல் குழாயடிக்குக் கொண்டுபோய், பழைய பிளாஸ்டிக் அட்டையின் விளிம்பால் சுரண்டுவேன். வெள்ளைத் திரை தெரியும் வரை தேய்க்கக் கூடாது. குட்டையாகப் பச்சை மிச்சம் இருந்தால்தான் அடுத்த வாரம் சீக்கிரம் தழைக்கும். பத்து நாளுக்கு மேல் விட்டால் வெளிப்பாசி நிழலில் உள்பாசி செத்து, கொத்தாகக் கழன்று, உறிஞ்சியதைத் தண்ணீருக்கே திருப்பித் தந்துவிடும். பிழிந்து எடுத்தால் வாரத்துக்கு ஓர் ஆரஞ்சுப்பழ அளவு உருண்டை கிடைக்கிறது. செடித் தொட்டிக்கு நல்ல உரம். மூன்றாவது மாதத்தில் நைட்ரேட் 20-க்கு வந்தது. இப்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் தண்ணீர் மாற்றுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை நான் அடுத்த அறையில் இருந்தபோது மகள் கூப்பிட்டாள். "அப்பா, மீன் தொட்டில அருவி மாதிரி சத்தம் கேக்குது, வந்து பாருங்க." போய்ப் பார்த்தால் அவசர வடிகாலிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. கறுப்புக் கூரையின் ஒரு கால் ஒட்டு விட்டுச் சாய்ந்து, முக்கிய வடிகால் வாயைப் பாதிக்கு மேல் மூடியிருந்தது. தரையில் ஒரு சொட்டு இல்லை. பம்பை நிறுத்தி, காலை மறுபடி ஒட்டி, சிலிக்கான் காய ஒரு நாள் விட்டேன். அதுவரை திரையைத் தொட்டியின் ஓரத்தில் நீரில் மிதக்கவிட்டிருந்தேன். மறுநாள் எடுத்து மாட்டும்போது ஒரு மூலையில் பாசி சுத்தமாகக் கடிபட்டிருந்தது.